குதிரையின் காலைப் பார்க்குமுன் விளையைச் சுற்றிப் பார்த்த டாக்டர்

குமரி மாவட்டத்தில் குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிறவர்கள், அப்புறம் எங்களைப் போல ஆசைக்கு வைத்திருப்பவர்கள். கால்நடை மருந்தகத்துக்கு மாடும் ஆடும் நாயும் தினமும் வரும், குதிரை எப்போதாவதுதான் வரும். அதனால் மழைக்காலத்தில் குதிரைக்குக் காலில் புண் வந்தால் யாரைக் கேட்பது என்ற பேச்சு எங்களுக்குள் வருஷா வருஷம் எழும். அப்படித் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் அழைத்தது, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலில் இருந்துகொண்டு வீடு தேடி வந்து பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரை. தனியாளாக வேலை செய்கிறார், கூட உதவிக்கு ஒரு தம்பி வருகிறான். பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் இடம் ஈத்தாமொழிப் பக்கம். பழைய தென்னை விளை (தோப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்), மேல் பாதி மணல், கீழ்ப் பாதி சானல்கரையை, அதாவது கால்வாய்க் கரையை, ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். மூன்று குதிரைகள். பவளம் என்ற செம்பழுப்புப் பெண் குதிரை, நாலு காலும் முழங்கால் வரை வெள்ளையாக இருக்கும் முத்து, அப்புறம் குட்டன் என்ற மட்டக்குதிரை. பகலில் விளையில் அவிழ்த்துவிட்டு மேயவிடுவோம், இரவில் ஓலைக் கொட்டகையில் கட்டுவோம். பார்த்துக்கொள்வது ராசையன் அண்ணன். நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், காலையும் மாலையும் நானும் கூட நிற்பேன்.

இந்த மாவட்டத்தின் மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனியில் தொடங்கும் சாரல் ஓய்ந்து தரை காயுமுன் ஐப்பசி அடைமழை வந்துவிடும். மேய்ச்சலுக்கு விட்ட குதிரைக்கு வருஷத்தில் பாதி நாள் குளம்புக்கு மேலே உள்ள அந்தக் குழிவான இடம் உலரவே உலராது. மழைக்காலத்துச் சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பவளத்துக்கும் அங்கேதான் தொடங்கியது. ஆடி மாதம், பின்னங்கால் இரண்டிலும் கணுவின் பின்பக்கம் முடி ஒட்டிக்கொண்டு பொருக்குக் கட்டியது. பொருக்கைத் தொட்டால் முடியோடு சேர்ந்து கழன்று வரும், அடியில் ஈரமும் சிவப்புமாக இருக்கும். சில நாளில் இடது கால் வீங்கி, நடையில் நொண்டல் தெரிந்தது. அதே சமயத்தில் முத்துவின் வெள்ளைக் கால்கள் சிவந்து தோல் உரிந்தன. குட்டனுக்கு முன்னங்கால் எலும்பின் மேல் ஒரு சின்னக் காயம் ஆறாமல் சதை வைத்துக்கொண்டே போனது. பார்த்தவர்கள் எல்லோரும் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் சொன்னார்கள்: சேற்றுப்புண்.

நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் ராசையன் அண்ணன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். குதிரையின் வயதையோ வேறு எதையுமோ கேட்காமல் ஒரு களிம்பைக் கொடுத்து, எல்லாப் புண்ணுக்கும் இதுதான் போகும், மேலே துணி சுற்றிவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழாயைத் திருப்பிப் படித்தால் பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிக் காட்டும், அந்த நேரத்தில் உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். மேலே துணியும் சுற்றினால் ஈரம் போக வழியே இல்லை. அந்தக் களிம்பை நாங்கள் போடவில்லை. விற்றவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வாயில்லா ஜீவனுக்கு மருந்து கொடுப்பவர் குறைந்தது நாலு கேள்வியாவது கேட்க வேண்டும்.

டாக்டர் வந்த அன்று மழை விட்டிருந்தது. குதிரைகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தோம். அவர் குதிரையிடம் போகவில்லை. “பகல்ல எங்க நிக்கும் டீச்சர்? ராத்திரி எங்க? தண்ணி எங்க குடிக்கும்? வெயில் ஏறினா எங்க ஒதுங்கும்?” என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளைக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த நடைக்குத்தான்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சுற்றியும் வாசல் படலைச் சுற்றியும் மூன்று குதிரையும் மிதித்து மிதித்துத் தரை குழைந்திருந்தது. சாணியும் மூத்திரமும் கலந்த சேறு. காலை வைத்தால் கணுவரை புதையும். டாக்டர் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். விளை முழுக்கச் சேறாக இருக்க வேண்டியதில்லை, குதிரை தினமும் கூடுதல் நேரம் நிற்கும் இரண்டு மூன்று இடங்கள் சேறாக இருந்தால் போதும், கால் கெட்டுவிடும் என்றார். அங்கே நின்றுகொண்டே அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் பதிந்தது. டெர்மடோஃபிலஸ் என்று ஒரு பாக்டீரியா. அது சில பிராணிகளின் தோலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கும், பழைய பொருக்குகளிலும் உயிரோடு கிடக்கும். தோல் காய்ந்தும் முழுசாகவும் இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் பட்டால் நீந்தக்கூடிய நுண்விதைகளை வெளிவிடும். அவற்றுக்கு உள்ளே நுழைய ஒரு கீறல் வேண்டும். அது போன பாதையில் சாதாரணமாகத் தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற மற்ற கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

கீறல் எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த பத்தடியில் காட்டினார். தென்னை மூட்டில் எல்லாம் தொட்டாச்சிணுங்கி படர்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் தொட்டாச்சிணுங்கி இல்லாத விளை ஏது? அதன் முள் சின்னது, பின்னோக்கி வளைந்தது. குதிரை புல்லைத் தேடி அதற்குள் நடக்கும்போது கணுவின் பின்பக்கத்தைத்தான் கிழிக்கும். தோல் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தால் முள் கிழிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, உரசினாலே போதும். கூடவே வெட்டிப்போட்ட மட்டையின் கூர்முனை, ஈர்க்கு, வேலியிலிருந்து அறுந்து விழுந்த முள்கம்பித் துண்டு. எல்லாவற்றையும் தம்பியைப் பொறுக்கச் சொன்னார். ஆரல்வாய்மொழிப் பக்கம், கணவாய்க் காற்றில் தரை காய்ந்து கிடக்கிற இடங்களில், சேறு குறைவு, அங்கே உடைமுள்ளும் நெருஞ்சியும் ஆழமாகக் குத்திக் குளம்புக்குள் சீழ் வைப்பதுதான் அதிகமாக வரும் என்றார். ஒரே மாவட்டத்தில் இருபது முப்பது கிலோமீட்டரில் நோயின் வாசல் மாறிவிடுகிறது.

அப்புறம் கீழ்ப் பாதி. சானல்கரையை ஒட்டி ஒரு பழைய குண்டு, அதாவது பள்ளம், இருக்கிறது. ஒரு காலத்தில் கயிறு திரிக்க கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட இடம். இப்போது யாரும் ஊறப்போடுவதில்லை, மழைத்தண்ணீர் தேங்கிக் கறுப்பாகக் கிடக்கும், மேலே பாசி. வெயில் நேரத்தில் மூன்று குதிரையும் அதற்குள் இறங்கி நிற்பது வழக்கம். டாக்டர் அதைப் பார்த்ததும் முகம் மாறியது. “மருந்து நான் தாறேன். ஆனா இந்தக் குண்டு இப்பிடியே கெடந்தா நீங்க மருந்து வாங்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்றார்.

அவர் பயந்தது பித்தியோசிஸ் என்ற நோய்க்கு. பித்தியம் இன்சிடியோசம் என்ற உயிரியால் வருவது. பார்க்கப் பூஞ்சை மாதிரி நூல் நூலாக வளரும், ஆனால் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது இல்லை. வெதுவெதுப்பான தேங்கிய நீரில், அழுகும் இலைதழைகளில் வாழும். தண்ணீருக்குள் நீந்தும் நுண்விதைகளை விடும், அவை காலில் இருக்கும் சின்னக் காயத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் புண் வெகு வேகமாகப் பெரிதாகும். அரிப்புத் தாங்காமல் குதிரை தன் காலைத் தானே கடிக்கும். புண்ணுக்குள் மஞ்சள் நிறத்தில் சரளைக்கல் போன்ற கட்டிகள் இருக்கும். பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்துகள் பல இதில் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மருந்துகள் தாக்கும் பொருள் இந்த உயிரியின் செல் சவ்வில் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்து வெட்டி எடுப்பதுதான் பெரிய வழி, தாமதித்தால் குதிரையே போய்விடும். ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, ஆனால் ஒரே குண்டில் நிற்கும் எல்லாக் குதிரைக்கும் அதே ஆபத்து. வெப்பமும் தேங்கிய நீரும் இருக்கும் ஊர் எல்லாமே அதற்கு ஏற்றதுதான், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இதைச் சொன்ன பிறகுதான் குதிரைகளிடம் வந்தார். நேராகக் குட்டனிடம் போனார்.

குட்டனின் காயத்தைப் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஒன்று அந்தப் பித்தியோசிஸ். இன்னொன்று ஹப்ரோனிமா புழு. இந்தப் புழு குதிரையின் இரைப்பையில் இருக்கும். முட்டையும் குஞ்சும் சாணியில் வெளியேறும், சாணியில் வளரும் ஈப்புழுக்கள் அதைத் தின்னும், ஈயாகிப் பறக்கும்போது அந்தக் குஞ்சுப்புழுவையும் சுமந்துகொண்டு குதிரையின் காயத்தில் வந்து உட்காரும். இரைப்பைக்குப் போக வேண்டிய புழு காயத்தில் இறங்கிவிட்டால் அங்கே வளரவும் முடியாது, சாகும்வரை புண்ணை ஆறவும் விடாது. இந்தப் புண்ணிலும் மஞ்சள் மணிகள் வரும், அரிப்பும் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒன்றுக்குக் கத்தி, இன்னொன்றுக்குப் புழு மருந்து. அதனால் ஊகத்தில் மருந்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்திலிருந்து சின்னத் துண்டு சதை எடுத்துத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். ஊகிக்க மாட்டேன் என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லி நான் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முடிவு வந்தபோது புழுதான் என்று தெரிந்தது. ஐவர்மெக்டின் கொடுத்தார். ஓங்கிய சதையைச் செதுக்கி, ஈ உட்காராதபடி கட்டுப் போடும் முறையை ராசையன் அண்ணனுக்குக் காட்டிக் கொடுத்தார். கொட்டகைக்குப் பக்கத்திலேயே குவித்திருந்த சாணிக் குவியலைத் தூரத்துக்கு மாற்றச் சொன்னார். நம் வெப்பத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை அள்ளுவதால் பயனில்லை, தினமும் அள்ள வேண்டும் என்றார்.

முத்துவின் காலைப் பார்த்தபோது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கறுப்புத் தோல் இருக்கும் இடத்தில் எங்கேயாவது புண் இருக்கிறதா? நான் அதுவரை அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. இல்லை. வெள்ளை முடி முடியும் கோட்டில் சிவப்பும் முடிந்துவிட்டது, கத்தியால் கீறியது போல. மூக்கின் மேல் இருக்கும் வெள்ளைப் பட்டையிலும் கொஞ்சம் சிவப்பு. சேற்றுப்புண் கறுப்புத் தோலிலும் வரும், இப்படிக் கோடு போட்டது போல வெள்ளையில் மட்டும் நின்றால் வெயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். கீழ் எல்லையில் உண்ணிச்செடிப் புதர். மஞ்சளும் ரோசுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அதுதான். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பச்சைப் புல்லின் நிறமி வயிற்றில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளை ஈரல்தான் வெளியேற்ற வேண்டும். ஈரல் தளர்ந்தால் அது இரத்தத்திலேயே தங்கிவிடும், வெயில் படும்போது நிறமில்லாத தோலைச் சுடும். மாட்டிலும் ஆட்டிலும் இது நன்றாகத் தெரிந்த விஷயம், குதிரையையும் விட்டுவைக்காது. நல்ல புல் இருக்கும்போது குதிரை உண்ணிச்செடியைச் சீண்டாது, புல் சேற்றில் புதைந்துபோன மழைக்காலத்தில் வேறு வழியில்லாமல் கடிக்கும். புதரில் கடித்த தடம் இருந்தது, காட்டினார். இரத்தம் எடுத்து ஈரல் பரிசோதனைக்கு அனுப்பினார். கொஞ்சம் உயர்ந்திருந்தது, அபாயம் இல்லை. பகலில் கொட்டகை நிழலில் கட்டி, மாலை மயங்கிய பிறகு மேயவிடச் சொன்னார். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கச் சொன்னார், வெட்டிப்போட்டு வாடவிட்டாலும் நஞ்சு போகாது என்பதால் விளையை விட்டே வெளியேற்றச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், இந்தக் காலுக்குக் கிருமிநாசினி எவ்வளவு பூசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்?

பவளத்துக்குத்தான் உண்மையான சேற்றுப்புண். பின்னங்கால் நரம்போரமாக விரலால் தடவிக்கொண்டே மேலே போய், முடிச்சு முடிச்சாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். கிளாண்டர்ஸ் என்ற நோயில் காலில் நிணநீர்ப் பாதை நெடுக முடிச்சுகள் எழுந்து உடையும், அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். வடக்கே சந்தைகளில் வாங்கிக் கை மாறி வரும் குதிரைகளில் இதை நினைவில் வைத்தே பார்க்க வேண்டும் என்றார். பவளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. வீக்கம் இருந்ததால் ஊசி மருந்து எழுதினார். காலுக்குச் செய்ய வேண்டியதைக் கூட நின்று செய்து காட்டினார். சுற்றிலும் முடியைக் கத்தரிப்பது, குளோர்ஹெக்சிடின் கரைசலை நுரைக்கத் தேய்த்துப் பத்து நிமிஷம் அப்படியே விடுவது, பிறகு கழுவுவது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஊறி இளகி வருவதை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்த பொருக்கைத் தரையில் போடாமல் எரிக்க வேண்டும். அப்புறம் வருவதுதான் முக்கியம் என்று அழுத்திச் சொன்னார்: உலர்த்துவது. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி பருத்தித் துண்டு, குழிவுக்குள் விரல் விட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாக. முதல் சில நாள் தினமும், பொருக்கு நின்றதும் இடைவெளி விட்டு. மருந்துதானே என்று மாசக்கணக்கில் கழுவிக்கொண்டிருந்தால் அந்தக் கழுவலே தோலை ஊறவைத்துக் கெடுக்கும்.

கொட்டகையில் தரைக்கு நாங்கள் தென்னை நார்க்கழிவு பரப்பியிருந்தோம். இந்தப் பக்கம் சுலபமாகக் கிடைப்பது அதுதான், காய்ந்திருக்கும்போது மெத்தென்று நன்றாகவும் இருக்கும். ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடித் தொட்டிக்கு அது பெரிய குணம். ஓலையிலிருந்து சாரல் அடிக்கும் கொட்டகையில் அதே குணம் இரவெல்லாம் காலை ஊறவைக்கும். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டாக்டர் பிழிந்து காட்டினார், தண்ணீர் வடிந்தது. மூக்கருகே கொண்டு வந்தால் மூத்திர வாடை. குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் பள்ளங்களில் கறுப்பாக நாற்றமடிக்கும் அழுகல் வருவதும் இதனால்தான் என்று, பவளத்தின் குளம்பைத் தூக்கிச் சுரண்டிக் காட்டினார். முன்னங்கால் தளைக் கயிறையும் கழற்றச் சொன்னார். நைலான் கயிறு நனைந்தால் கணுவை அறுக்கும், அறுத்த இடம் சேற்றில் நிற்கும். தளை போட்டே ஆக வேண்டும் என்றால் அகலமான தோல் பட்டை.

மூன்று குதிரைக்கும் டெட்டனஸ் தடுப்பூசி விவரம் கேட்டார். அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணியிலும் இருப்பது, குதிரையைப் போல அதற்குச் சுலபமாகப் பலியாகும் பிராணிகள் குறைவு. முதல் ஊசியும் நாலு முதல் ஆறு வாரத்தில் அடுத்த ஊசியும் போட்டு, வருஷம் ஒருமுறை புதுப்பித்தால் தப்பிக்கலாம். எங்கள் ஏட்டில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன், சந்தோஷப்பட்டார்.

இனிக் குறை. வருகைக் கட்டணம் 1,500 ரூபாய், மூன்று குதிரைக்கும் சேர்த்து. அவர் எங்களுடன் செலவிட்ட நேரத்துக்கு இது குறைவு என்றுதான் சொல்வேன். விளவங்கோடு, கல்குளம் பக்கம் என்றால் வண்டிச் செலவு தனி. பரிசோதனைச் செலவும் மருந்தும் நம் பொறுப்பு. போனில் பிடிப்பது கஷ்டம், திரும்பக் கூப்பிடுவார் என்றாலும் அன்றே கூப்பிடுவார் என்று நம்பி இருக்க முடியாது. விளையில் நடந்துகொண்டே சொன்ன அத்தனை விஷயத்தையும் எழுதித் தருவதில்லை. மருந்துச் சீட்டு மட்டும்தான். நான் கேட்ட பிறகு, என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்காமலே கொடுக்கும் வழக்கம் இருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருப்பேன், ஏனென்றால் குதிரையைத் தினமும் பார்ப்பது வீட்டுக்காரர் அல்ல, ராசையன் அண்ணன் போன்றவர்கள். அவர்கள் கையில் தாள் இருக்க வேண்டும். குளம்பு திருத்துவதும் லாடம் அடிப்பதும் அவர் செய்வதில்லை. அதற்கு ஆள் பிடிப்பது இந்த மாவட்டத்தில் இன்னொரு பாடு.

அவர் சொன்னபடி செய்ததில் பெரிய செலவு தரைக்குத்தான் ஆனது. தொட்டியைச் சுற்றியும் வாசலிலும் சேற்றை வாரிக் களைந்து, அடியில் உடைகல், மேலே சரளை, அதற்கு மேல் மணல் போட்டு உயர்த்தினோம். தண்ணீர் வடிய ஓரத்தில் சின்ன ஓடை. குண்டைச் சுற்றி மூங்கில் அடைப்பு. வெயிலுக்கு ஒதுங்க மேட்டில் ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்தோம். அடைத்துவிட்டால் மட்டும் போதாது, குதிரை குண்டைத் தேடிப் போன காரணத்துக்கு வேறு வழி செய்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொட்டகையில் நார்க்கழிவை அள்ளிவிட்டு, ரப்பர் பாய் விரித்து, தினமும் மாற்றும்படி வைக்கோல். ரப்பர் பாய் விலை கூடுதல்தான், ஆனால் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். தொட்டாச்சிணுங்கியை ஆள் வைத்து வேரோடு எடுத்தோம், அது திரும்ப முளைக்கிறது, திரும்ப எடுக்கிறோம்.

பவளத்தின் கால் ஐப்பசி மழையில் மறுபடியும் இலேசாகப் பொருக்குக் கட்டியது. ஆனால் வீங்கவில்லை, நொண்டவில்லை, சில நாளில் அடங்கியது. முழுக்க வராமல் இருக்கும் என்று அவரும் வாக்குக் கொடுக்கவில்லை. முத்துவின் காலில் முடி திரும்ப வந்துவிட்டது. குட்டனின் காயம் ஆறி, தழும்பு மட்டும் இருக்கிறது.

இவரை யார் கூப்பிட வேண்டும் என்றால், மேயவிட்டு வளர்க்கிற எல்லோரும். குதிரை வாங்குமுன் இடத்தைக் காட்டிவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. யார் காத்திருக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் ஒரே இரவில் இரண்டு மடங்கு வீங்கி, தொட்டால் சுட்டு, குதிரை காலை ஊன்ற முடியாமல் காய்ச்சலோடு நின்றால் அது தோலுக்கு அடியிலும் நிணநீர்ப் பாதையிலும் கிருமி பரவிய நிலை. அப்போது இவர் போன் எடுப்பார் என்று உட்கார்ந்திருக்காமல், பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையை உடனே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் ஊசி விழுந்தால் கால் தப்பும், தாமதித்தால் வீக்கம் நிரந்தரமாகிவிடக்கூடும். இதை அவரே என்னிடம் அழுத்திச் சொன்னார்.

கூப்பிடுவதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு முன் கூப்பிடுங்கள், அப்போது எடுக்கிறார். அவர் வரும் அன்று குதிரையின் காலைக் கழுவி வைக்காதீர்கள், பொருக்கை எடுத்துவிடாதீர்கள், களிம்பு எதுவும் பூசாதீர்கள். அதுவரை பூசியது, கொடுத்தது எல்லாவற்றின் குழாயையும் அட்டையையும் எடுத்து வையுங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. குதிரையைத் தினமும் பராமரிக்கிறவர் கண்டிப்பாகக் கூட இருக்கட்டும், ஏனென்றால் டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கும். முடிந்தால் மழை விட்ட மறுநாளே வரச் சொல்லுங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அன்றுதான் தெரியும்.